பப்பாளி இலைச் சாறு குடித்த மகனுக்கு

ஜெரோம்,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்தச் சொல் இன்று கைக்கு வரவில்லை. கோபம் கொஞ்சம் தணிந்த பிறகு எழுதலாம் என்றும் பார்த்தேன். தணிகிற மாதிரித் தெரியவில்லை. காலைப் பூசை முடிந்து வந்ததிலிருந்து அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கென்று வாங்கிய கறி அப்படியே ஃப்ரிட்ஜில் கிடக்கிறது. நீயும் உன் அப்பாவும் கல்யாணக் கோட்டுக்கு அளவு சரிபார்க்கப் பாடியில் இருக்கிற தையல்கடைக்குப் போயிருக்கிறீர்கள். வழியில் எங்கேயாவது பிரியாணி தின்றுவிட்டு வாருங்கள், இன்று இந்த வீட்டில் சோறு கிடையாது. இந்தக் கடிதம் சாப்பாட்டு மேசையின் மேல் இருக்கும். உறையில் போடமாட்டேன், ஒட்டமாட்டேன். உன் அப்பாவும் எடுத்துப் படிக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து படித்தாலும் எனக்குக் கவலையில்லை. இந்த வீட்டில் மூடி மூடி வைத்தது போதும்.

நேரில் சொல்லலாமே என்று நினைப்பாய். எத்தனை தடவை நேரில் சொன்னேன்? வாயைத் திறந்தால் போதும், "ம்மா, ஸ்டார்ட் பண்ணாத" என்று இயர்போனை எடுத்துக் காதில் செருகிக்கொள்கிறாய். பிசியோதெரபி கல்லூரியில் முப்பது வருஷம் உடலியங்கியல் நடத்தியவள் நான். பின்வரிசையில் தூங்குகிற பையனைக்கூட எழுப்பி உட்காரவைத்துப் பாடம் சொல்லியிருக்கிறேன். பெற்ற பிள்ளையிடம் தோற்றுப்போனேன். கடிதத்துக்கு இயர்போன் போட முடியாது. படி.

இன்று நம் கோயிலில் உனக்கும் ஷீபாவுக்கும் கல்யாண அறிவிப்பின் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். நீ பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக நின்றாய். ஃபாதர் நம் ஊர் மேனாம்பேடு என்று சொன்னார், அவர்கள் ஊர் நசரத்பேட்டை என்று சொன்னார், இரண்டு வீட்டுப் பெற்றோர் பேரையும் சொன்னார். கடைசியில் எல்லாக் கல்யாணத்துக்கும் வாசிக்கிற அந்த வரியையும் வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன், ஒரு நாளும் அது என் காதில் விழுந்ததே இல்லை. மறுபக்கம் யார் என்ன சேலை கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இன்று அந்த வரி வந்தபோது முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். உன் நோய் ஒரு தடை இல்லை, எனக்குத் தெரியும். நோய் இருக்கிறவர்கள் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அந்தப் பெண் உன் பக்கத்தில் எதையும் அறியாமல் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாளே, அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

பூசை முடிந்து நீ பைக் எடுக்கப் போன நேரத்தில் ஷீபா என்னிடம் ஓடி வந்தாள். கைப்பையிலிருந்து பச்சை நிறத்தில் இரண்டு டீ-ஷர்ட்டை எடுத்துக் காட்டினாள். "ஆண்ட்டி, எங்க ஆபீஸ்ல சனிக்கிழம ரன் வச்சிருக்காங்க, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டச் சுத்தி. பத்து கிலோமீட்டர். ஜெரிதான் ரெண்டு பேருக்கும் பேரு குடுத்தான். எங்க டீமே அவனப் பாக்க வெயிட்டிங்" என்றாள். முகமெல்லாம் அவ்வளவு பூரிப்பு. நீயே பேர் கொடுத்தாயாம்! கத்திரி வெயிலில்! யாராவது வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போனார்கள் என்றாலும் ஒரு சாக்கு இருக்கும். அவளுடைய ஆபீஸ் ஆட்களுக்கு முன்னால் மாப்பிள்ளை முறுக்குக் காட்டுவதற்காக நீயாகப் போய்த் தலையைக் கொடுத்திருக்கிறாய். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடிக்கிறேன்.

பொங்கல் கழிந்து, உங்கள் நிச்சயம் முடிந்த மறுவாரம் நடந்ததை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. தகரக் கூரை போட்ட அந்த ஜிம்மில், உச்சி வெயில் நேரத்தில், பந்தயம் கட்டிக்கொண்டு லாரி டயரைப் புரட்டினீர்கள். உன்னை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். உன் தொடையைத் தொட்டுப் பார்த்தேன், மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. உன் ஜிம் மாஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஒண்ணியும் இல்ல ஆண்ட்டி, லாக்டிக் ஆசிட் ஏறிக்கினு கீது. நாளைக்கும் வந்து ரெண்டு ரவுண்டு அட்ச்சான்னா அந்த விஷமெல்லாம் வேர்வைல எறங்கிடும்." அவனை அன்றைக்கே கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். நீயும் பல்லைக் கடித்துக்கொண்டு "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாய். சாயங்காலம் பாத்ரூமிலிருந்து கூப்பிட்டாய். உன் சிறுநீர் பால் விடாத டீயின் நிறத்தில் இருந்தது. அதற்குப் பிறகு ஆட்டோவில் உன்னைப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன வழியெல்லாம் நான் ஜெபம் சொல்லவில்லை, உன் ஜிம் மாஸ்டரைத்தான் திட்டிக்கொண்டே போனேன்.

தசை நார்கள் உடைந்து அதன் புரதம் ரத்தத்தில் கலந்துவிட்டது, சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னார். பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றினார்கள். டயாலிசிஸ் வரைக்கும் பேச்சு போனது. நான் டாக்டர் அறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில் உன் அப்பா வராந்தாவில் நின்று போனில் சம்மந்தி வீட்டுக்கு டெங்கு என்று சொல்லிவிட்டார். ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு அந்த மனுஷன் என்மேலேயே பாய்ந்தார். "இன்னாத்துக்கு டீச்சர் ஊரு பூரா தண்டோரா போடணும்ன்ற? நிச்சயம் முட்ச்சு ஒரு வாரம் கூட ஆவல. புள்ளைக்கு தசைல கோளாறுன்னா அவங்கோ இன்னா நெனைப்பாங்கோ? டெங்குன்னா டிஸ்சார்ஜ் ஆனதும் மறந்துடுவாங்கோ." நான் இத்தனை வருஷம் மனைவியாக இருந்தும் அவருக்கு டீச்சர்தான். அதுவும் சண்டை வந்தால்தான் அந்தப் பேர் வரும். சரி, அவர் பழைய காலத்து ஆள், தொழிற்சாலையிலும் சரி வீட்டிலும் சரி, நோய் என்றாலே வெட்கம் என்று நினைக்கிறவர். உனக்கு என்ன? படித்தவன்தானே. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாய், ஆனால் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

மறுநாள் ஷீபாவின் அம்மா நசரத்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். தோட்டத்துப் பப்பாளி இலையை அரைத்து, வடிகட்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். "சம்மந்தி, ஒரே மொடக்குல குடிக்கச் சொல்லுங்க. எங்கூட்டுக்காரருக்கு டெங்கு வந்தப்ப இத குட்த்துதான் பிளேட்லெட்ட ஏத்தினேன்" என்றார். அந்த அம்மாவின் விரலெல்லாம் பச்சைக் கறை. உன் சிறுநீரகம் பிழைக்குமா பிழைக்காதா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லாத நாள் அது. நர்ஸ் சொல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். அப்புறம் பாட்டிலை வாங்கிக் குடித்தாயே, மூஞ்சி கோணிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, கடைசிச் சொட்டு வரைக்கும்! அந்த அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, நன்மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். பின்னாலேயே வந்த நர்ஸ் என்னைக் கிழி கிழி என்று கிழித்தாள். படிச்சவங்கதானே நீங்க என்று கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வராத நோய்க்கு மருந்து குடிக்கிற தைரியம் உனக்கு இருக்கிறது, வந்த நோயின் பேரைச் சொல்ல மட்டும் தைரியம் இல்லையா?

தவக்காலத்தில் மரபணுப் பரிசோதனையின் முடிவு வந்தது. அந்த இளம் டாக்டர் மிகவும் அபூர்வமான குறை என்று சொல்லி, தசை செல்லின் சவ்வைப் படம் போட ஆரம்பித்தார். அவர் பாதிப் படம் போடுவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. கரும்பலகையில் வருஷா வருஷம் நான் போட்ட அதே படம். சாக்பீஸ் தூளோடு நான் வீட்டுக்கு வந்து, பரீட்சைத் தாள் திருத்தும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அதே படம். உன்னைப் பள்ளிக்கூடப் பந்தயத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று தூக்கி வந்தபோதெல்லாம் சத்துக் குறைவு என்று வாழைப்பழமும் முட்டையும் ஊட்டிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் என் மேலும் எனக்கு எரிச்சல்தான். ஆனால் அன்று தெரியாது. இன்று தெரியும். தெரிந்த பிறகும் பச்சை டீ-ஷர்ட் வாங்குகிறவனை என்ன செய்வது?

"அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலம்மா, அவளுக்கு ஒண்ணும் புரியாது" என்று போன வாரம் சொன்னாய். அவளுக்கு ஏன் புரியாது? மண்டையில் மூளை இல்லையா? இதோ நான் எழுதித் தருகிறேன், இதை அப்படியே சொல். நிதானமாக நடக்கும்போது தசை, மூச்சில் வருகிற ஆக்சிஜனை வைத்துச் சர்க்கரையை முழுசாக எரித்துக்கொள்ளும். மூச்சு முட்ட ஓடும்போது அந்த வேகம் பத்தாது. சர்க்கரையை அவசரமாக, அரைகுறையாக உடைத்துச் சக்தியை எடுக்கும். அப்படி உடைக்கும்போது வருவதுதான் லாக்டேட். கூடவே தசைக்குள் ஹைட்ரஜன் அயனிகளும் சேரும், அவைதான் புளிப்பு, அவைதான் அமிலம். லாக்டேட்டை விஷம் என்று சொன்ன உன் ஜிம் மாஸ்டர் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும். அது விஷமும் இல்லை, குப்பையும் இல்லை. ஓடுகிற தசை வெளியே விடுகிற லாக்டேட்டை இதயம் வாங்கி எரித்துத் துடிக்கிறது. மெதுவாக வேலை செய்கிற தசை நார்கள் வாங்கி எரிக்கின்றன. கல்லீரல் வாங்கி மறுபடியும் சர்க்கரையாக்கிக் கொடுக்கிறது. மறுநாள் காலையில் உடம்பு வலிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஓட்டம் முடிந்து கொஞ்ச நேரத்திலேயே அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும்.

போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும் என்றால் முதலில் தசை செல்லை விட்டு வெளியே வர வேண்டும். அங்கேதான் உன் கதை இருக்கிறது. செல்லைச் சுற்றியிருக்கிற சவ்வு கொழுப்பால் ஆனது. லாக்டேட்டுக்கு மின்சுமை உண்டு, கொழுப்புக்குள் நுழைய அதனால் முடியாது. ரசத்தில் மிதக்கிற எண்ணெயில் உப்பு கரையாது என்பது அடுப்படியில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும், அதே சமாச்சாரம்தான். அதனால் சவ்வில் அங்கங்கே புரதங்கள் பதிந்திருக்கின்றன. அவைதான் கதவுகள். ஒரு லாக்டேட்டும் ஒரு ஹைட்ரஜன் அயனியும் சேர்ந்து வந்து உட்கார்ந்தால்தான் அந்தக் கதவு திரும்பும். உள்பக்கம் பார்த்துத் திறந்திருந்த புரதம் உருவம் மாறி வெளிப்பக்கம் திறக்கும், இரண்டும் ஒன்றாக இறங்கிப்போகும். ஒன்று மட்டும் தனியாக வந்தால் அசையாது. இதற்கென்று உடம்பு தனியாகச் சக்தி எதுவும் செலவழிப்பதில்லை. எந்தப் பக்கம் நெரிசலோ அங்கிருந்து மறுபக்கம் போகும், அவ்வளவுதான். லாக்டேட் வெளியே போகும்போது புளிப்பையும் கூடவே கூட்டிக்கொண்டு போவதால்தான் ஓடுகிறவன் ஓடிக்கொண்டே இருக்க முடிகிறது. இதயத்திலும் ரத்தச் சிவப்பணுவிலும்கூட இதே கதவு இருக்கிறது. ஒரு பக்கம் வெளியே விடுகிறது, இன்னொரு பக்கம் உள்ளே வாங்குகிறது.

உனக்கு அந்தக் கதவைச் செய்கிற மரபணுப் பிரதி இரண்டில் ஒன்று பிசகியிருக்கிறது. கதவுகளில் ஒரு பங்கு சரியாகத் திரும்புவதில்லை. ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது, மாடி ஏறும்போது, கடைக்கு நடந்து போகும்போது உனக்கு ஒன்றும் தெரியாது. இருக்கிற நல்ல கதவுகளே தாராளமாகப் போதும். வெயிலில் வெறிபிடித்த மாதிரி ஓடினால்தான் வெளியே போக வேண்டியது போகாமல் தேங்கும், உள்ளே புளிப்பு ஏறும், தசை இறுகும், நார் உடையும். அப்புறம் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவன் நீதானே. இதற்கு நீ எனக்கு ஒரு பதில் வைத்திருந்தாய். "ட்ரெய்னிங் பண்ணப் பண்ண கதவு ஜாஸ்தியாகும்னு நீதானேம்மா கிளாஸ்ல சொல்லுவ." என் பாடத்தை என்மேலேயே திருப்பிவிட்டோம் என்று அப்படி ஒரு இளிப்பு. ஆமாம், சொன்னேன், உண்மைதான். பயிற்சியில் கதவுகள் கூடும். ஆனால் உன் உடம்பு புதிதாகச் செய்கிற கதவுகளும் அதே இரண்டு அச்சில்தான் வார்க்கப்படும். ஓர் அச்சு கோணல். கோணல் கதவும் சேர்ந்துதான் கூடும். பாதிப் பாடத்தைக் கேட்டுவிட்டு மீதியைத் தூங்கிக் கழித்தவன் பேசுகிற பேச்சு இது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், உன் அப்பாவும் படிப்பார் என்பதால் எழுதுகிறேன். உனக்கு நினைவிருக்கும், பெரிய வெள்ளிக்கிழமை தோறும் நாம் பரங்கிமலைக்குப் போவோம். படியேறும்போது பாதியில் உன் அப்பா உட்கார்ந்துவிடுவார். "நீங்கோ போய்க்கினே இருங்கோ, நான் இங்க கொஞ்சம் ஜெபம் பண்ணிட்டு வரேன்" என்பார். எனக்குக்கூட இந்த மனுஷனுக்கு வருஷத்தில் ஒரு நாளாவது பக்தி வருகிறதே என்று சந்தோஷமாக இருக்கும். திரும்பிப் பார்த்தால் குனிந்து கெண்டைக்காலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருப்பார். கேட்டால் ஷூ லேஸ் என்பார். போன வருஷம் அதே படியில் நீ நின்றாய். போன் வந்தது என்றாய். காதில் வைத்த போனில் திரை இருட்டாக இருந்ததை நான் பார்த்தேன். டாக்டர் உன் அப்பாவுக்கும் சோதனை எடுக்கச் சொல்லியிருக்கிறார். "எனக்கு இன்னாத்துக்கு?" என்று அதையும் தட்டிக் கழிக்கிறார். கதவு மட்டும் இல்லை, வலியை மறைக்கிற புத்தியும் உனக்கு அங்கிருந்துதான் வந்திருக்கிறது போலிருக்கிறது. ஐயா, நீங்கள் இதைப் படித்தால் நாளைக்கே போய் ரத்தம் கொடுங்கள். உங்களோடு எனக்கு இன்னும் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

இது பிள்ளைகளுக்கும் போகக்கூடியது என்று டாக்டர் உன்னை வைத்துக்கொண்டுதான் சொன்னார். ஷீபா நாளைக்கு ஒரு பிள்ளையைப் பெறுவாள். அந்தப் பிள்ளை பள்ளி மைதானத்தில் கால் பிடித்துக்கொண்டு விழுந்தால் அவளும் என்னைப் போல முட்டையை வேகவைத்துக்கொண்டிருக்க வேண்டுமா? கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்கிறாய். பிறகு என்றால் எப்போது? தாலி கட்டி முடித்து, அவள் எங்கும் போக முடியாது என்று ஆன பிறகா? அதற்குப் பேர் என்ன தெரியுமா? நான் எழுதமாட்டேன், உனக்கே தெரியும். அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயப்படுகிறாய். பயம் எனக்குப் புரிகிறது. எனக்கும் அவளைப் பிடிக்கும். நம் வீட்டுக்கு வந்த முதல் நாளே என் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு, "ஆண்ட்டி, நீங்க உக்காருங்க, இல்ல நான் போயிடுவேன்" என்று மிரட்டியவள். அப்படிப்பட்டவளை டெங்கு என்று சொல்லி ஏமாற்றிக்கொண்டு வந்து இந்த வீட்டில் வைக்க எனக்குச் சம்மதம் இல்லை. வேண்டாம் என்று சொல்கிற உரிமை அவளுக்கு இருக்கிறது, அதை நீ அவள் கையிலிருந்து திருடுகிறாய்.

இதையெல்லாம்விட எனக்கு வயிறு எரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை நீ ஓடினால் உன் பக்கத்தில் ஓடுகிறவள் அவள்தான். உனக்குத் தொடை இறுகும், நீ பல்லைக் கடிப்பாய், சிரிப்பாய், அது உனக்குக் கைவந்த கலை. அவளுக்கு எதுவும் தெரியாது. "இன்னும் கொஞ்சம்தான் ஜெரி, வா வா" என்று கையைப் பிடித்து இழுப்பாள். உன்மேல் உள்ள ஆசையில்தான் இழுப்பாள். நீ விழுந்தால் எலுமிச்சை ஜூஸைக் கொடுத்து எழுப்பி உட்காரவைத்து, வெயிலுக்கு மயக்கம் என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவாள். அதற்குள் உன் சிறுநீரகம் போயிருக்கும். வாழ்நாள் முழுக்க அந்தப் பெண், 'நான்தான் இழுத்தேன், நான்தான் இழுத்தேன்' என்று அழுதுகொண்டிருப்பாள். உன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆளை நீயே குருடாக்கி வைத்திருக்கிறாய். எனக்கு நீ வேண்டுமடா. உயிரோடு வேண்டும். இந்த வயதில் உன்னைத் தூக்கிக்கொண்டு இன்னொரு முறை ஆட்டோவில் போக என்னால் முடியாது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு கத்துகிறேன், வேறு எதற்கும் இல்லை.

இப்போது, காலையில் அவள் கேட்டதையும் நான் சொன்னதையும் சொல்கிறேன். டீ-ஷர்ட்டை மடித்துக்கொண்டே, "ஆண்ட்டி, டெங்கு வந்து இவ்ளோ மாசம் ஆச்சு, இப்ப ஓடினா ஒண்ணும் ஆகாதுல்ல? நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்றாள். நீ தூரத்தில் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா ஃபாதரிடம் மண்டப விஷயம் பேசிக்கொண்டிருந்தார். தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். அவளே பதிலையும் கையில் கொடுத்துவிட்டாள், நான் ஆமாம் என்றால் போதும். என்னால் முடியவில்லை ஜெரோம். "அவனுக்கு டெங்கு வரலம்மா" என்றேன்.

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. பிறகு என்ன கேட்டாள் தெரியுமா? ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கவில்லை. என்ன நோய் என்றுகூட முதலில் கேட்கவில்லை. "ஓடும்போது அவனுக்கு ஏதாச்சும் ஆனா நான் என்ன ஆண்ட்டி பண்ணணும்?" என்று கேட்டாள். அதற்கு மட்டும் பதில் சொன்னேன். ஓடவிடக் கூடாது. மீறி வலி வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும், நிழலில் படுக்கவைத்து உடம்பைக் குளிரவைக்க வேண்டும், சிறுநீர் கறுத்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மற்றதையெல்லாம் அவனிடமே கேட்டுக்கொள் என்றேன். "கேக்கறேன் ஆண்ட்டி. ஆறு மணிக்கு வீட்டுக்கு வரேன். அவன்கிட்ட நான் வர்றேன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றாள். டீ-ஷர்ட் இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கடிதத்துக்குக் கீழேதான் வைத்திருக்கிறேன்.

என்மேல் கோபப்படு. காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று சொல். எவ்வளவு வேண்டுமானாலும் சொல், நான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நீ எங்கேயும் கிளம்பிப் போகக் கூடாது, அப்பாவைப் பேசவிடக் கூடாது. அந்தப் பெண் முழுசாகக் கேட்டுவிட்டு எந்த முடிவு எடுத்தாலும் தலை வணங்க வேண்டும். அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை வாசிப்பார்களா இல்லையா என்பது இனிமேல் அவள் கையில் இருக்கிறது.

நான் உள் அறையில் படுத்திருப்பேன். ஆறு மணிக்கு பெல் அடித்தால் எழுந்து வரமாட்டேன். நீதான் போய்க் கதவைத் திறக்க வேண்டும்.

அம்மா